ஆட்டுக்கு அத்தையின் மாத்திரை

கறம்பக்குடி வீட்டார் குழு, ஞாயிறு காலை

சித்தப்பா (ஊர்): கறுப்பிக்கு ஒரு மாதமாக இந்தக் கோலம்தான், படம் போட்டிருக்கிறேன் பாருங்கள். காது ஓரம், மூக்குத் தண்டு எல்லாம் பொருக்கு, இப்போது குளம்புக்கு மேலேயும் வந்துவிட்டது. கிள்ளினால் கருகிய அப்பளம் மாதிரி பெயர்கிறது, அடியில் ஈரம். சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி இரண்டு தடவை போட்டாச்சு, கேட்கவில்லை.

கார்த்தி: இங்கே சிங்கப்பூர் தேக்கா கறிக்கடையில் பார்த்ததோடு சரி, ஆட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும். செல்வியைக் கேளுங்கள்.

மீனா அத்தை (ஈசூன், சிங்கப்பூர்): பகீர் என்றது தம்பி. எனக்கு முகத்தில் ஆரம்பித்ததும் அச்சு அசல் இப்படித்தான். பெம்பிகஸ், நம் உடம்பே நம் தோலை எதிரி என்று நினைத்து அடிக்கிற வியாதி. எனக்குக் கொடுத்த பிரெட்னிசொலோன் ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு பட்டை மிச்சம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை திருச்சி போகிறவரிடம் கொடுத்துவிடட்டுமா?

செல்வி: அத்தை, வேண்டவே வேண்டாம்!! எங்கள் கிளினிக்கில் நாய்க்கு இந்த பெம்பிகஸ் பார்த்திருக்கிறேன், ஆடுகளுக்கும் வரும், ஆனால் ரொம்ப அபூர்வம். சொறி, படர்தாமரை, மழைக்காலப் பொருக்கு, துத்தநாகக் குறைவு, எல்லாமே பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். கிருமியால் வந்ததாக இருந்தால் ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து இன்னும் பரப்பிவிடும். சித்தப்பா, வாயில் புண் இருக்கிறதா? அது வைரஸ் வாய்ப்புண்ணாக இருந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள், நமக்கும் விரலில் கட்டி வரும்.

சித்தப்பா (ஊர்): வாய் சுத்தமாக இருக்கிறது. மற்ற ஆடுகளுக்கும் எதுவும் இல்லை. கறுப்பி சினை, நாலு மாதம் தாண்டிவிட்டது.

செல்வி: அட, இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! ஐந்து மாதத்தில் ஈனுகிற ஆட்டுக்கு இப்போது டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளில் குட்டியைத் தள்ளிவிடலாம். ஈன வைப்பதற்காகவே அதைப் போடுவதும் உண்டு. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடித்து டாக்டரை வரவழையுங்கள். முதலில் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் உடையாத கொப்புளம் அல்லது புதுப் பொருக்கோடு சின்னத் துண்டு தோல் எடுத்து கெடாமல் இருக்க ஃபார்மலின் திரவத்தில் போட்டு ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பலாம். அதற்கு முன்னால் பொருக்கைக் கழுவவோ தேய்க்கவோ கூடாது, அதில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்டீராய்டு கொடுத்த பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

மீனா அத்தை (ஈசூன்): அப்போ பெம்பிகஸ்தான் என்று வந்தால்?

செல்வி: ஸ்டீராய்டுதான், ஆனால் டாக்டர் சொல்கிற நேரத்தில், சொல்கிற அளவில். முதலில் கூட்டி, அடங்கியதும் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

மீனா அத்தை (ஈசூன்): அது எனக்குத் தெரியாதா. 40 மில்லிகிராமில் ஆரம்பித்து 5-க்கு வர ஒன்றரை வருஷம் ஆச்சு, நடுவில் சர்க்கரை வேறு ஏறியது. நானாக ஒருநாள் நிறுத்திப் பார்த்து பட்டபாடு போதும். சரி, பட்டையை உள்ளே வைத்துவிட்டேன்.

(செவ்வாய்)

சித்தப்பா (ஊர்): டாக்டர் வந்தார். சுரண்டலில் பூச்சி இல்லை, காதில் துண்டு எடுத்துக்கொண்டு போனார். ஸ்டீராய்டு பேச்சு குட்டி போட்ட பிறகுதான் என்றார். அதுவரை வெயிலில் கட்ட வேண்டாமாம், ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இப்போது வைக்கோல் போருக்குப் பின்னால் நிழலில் நிற்கிறது.

கார்த்தி: ஊசி போட்டால் பிறகு கறிக்கு?

சித்தப்பா (ஊர்): ஏண்டா, கறுப்பியையா?!

கார்த்தி: சும்மா கேட்டேன் சித்தப்பா.

மீனா அத்தை (ஈசூன்): குட்டி போட்டதும் முதல் படம் எனக்கு.