வெளுத்த பவளத்தை வரைந்தேன், மாட்டிக்கொண்டேன்

கேள்வி:
கடல் உயிரிகளை நீர்வண்ணத்தில் வரைகிறவள் நான். வெளுத்துப்போன பவளம் ஒன்றைத் தீட்டி, கீழே 'மரணம்' என்று எழுதியிருந்தேன். பவளத்தை ஆராயும் தோழி பார்த்துவிட்டு, "இது இன்னும் சாகலடி. சூடு தாங்காம உள்ளே இருந்த நுண்பாசி வெளியேறிடுச்சு, அதான் சுண்ணாம்பு எலும்பு தெரியுது. தண்ணி சீக்கிரம் குளிர்ந்தா பிழைச்சுக்கும்" என்றாள். தலைப்பை அழித்துவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம்: அவள் சொல்வதைப் படமாக்குவது மட்டும்தான் என் வேலையா?

பதில் 1:
இல்லவே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பிளாஷ்கா என்ற அப்பாவும் மகனும் கடல் உயிரிகளைக் கண்ணாடியில் செய்தார்கள். ஜெல்லிமீன், கணவாய், கடல் சாமந்தி எல்லாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு தொகுப்பு இருக்கிறது. அதைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, இன்று எவையெல்லாம் கடலில் மிச்சம் என்று ஆய்வாளர்கள் தேடிப்போனார்கள். உங்கள் படத்தில் தேதி, இடம், ஆழம் எழுதுங்கள். (கையெழுத்தைவிட அது முக்கியம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

பதில் 2:
காதையும் மறக்காதீங்க. 1970இல் திமிங்கில ஆய்வாளர் ரோஜர் பெய்ன் கூன்முதுகுத் திமிங்கிலப் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். திமிங்கிலத்தைக் காப்பாத்தணும்னு ஜனங்க கிளம்பினதுல அதுக்குப் பெரிய பங்கு. 1982இல் வணிக வேட்டையை நிறுத்த சர்வதேச திமிங்கில வேட்டை ஆணையம் முடிவெடுத்தது.

பதில் 3:
மெக்சிகோவின் கான்கூன்ல கடலடியில வெச்சிருக்கிற சிற்பங்கள் நல்ல முயற்சிதான், பவளம் ஒட்டி வளருது. ஆனா சிற்பம் கடலைக் குளிர வைக்காது.

கேள்வி கேட்டவள்:
தேதி, ஆழம்... பழைய படங்கள் நாற்பதில் ஒன்றில்கூட எழுதவில்லை. இன்றிரவு தோழியோடு உட்கார்ந்து நினைவுபடுத்தப் போகிறேன்.