ஓவிய ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும், உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரசு நடுநிலைப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கிறார்கள். ஓவியத்துக்கோ பாட்டுக்கோ ஆசிரியர் இல்லை. கால அட்டவணையில் ஓவியப் பாடவேளை இருக்கிறது, அதில் கணக்கு நடக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பேனாவாலேயே கோயில் தேரை வரைந்து வைத்திருக்கிறாள். சக்கரத்தின் ஆணிகூட விடுபடவில்லை. அவளுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாமா?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்கு மேல் இருந்தால், கலைக் கல்விக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்றே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்ததும் இதை ஒட்டித்தான். அதனால் நாங்கள் சலுகை கேட்கவில்லை, சட்டத்தில் உள்ளதைத்தான் கேட்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். இப்படி ஆசிரியர் கேட்டு வாங்கிய பள்ளி யாருக்காவது தெரியுமா? தீர்மானத்தின் வாசகத்தைப் பகிர முடியுமா? நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்ப வேண்டுமா?

அப்புறம் இன்னொன்று. பக்கத்து ஊரில் தெருக்கூத்துக் கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் வரும்வரை வாரம் ஒருநாள் அவர்களை அழைத்துச் சொல்லித்தரச் செய்ய விதிமுறையில் இடமுண்டா? பள்ளி நிதியிலிருந்து மதிப்பூதியம் கொடுக்கலாமா? சும்மா வரச் சொல்ல எனக்கு மனமில்லை, அது அவர்கள் பிழைப்பு.

விவரம் தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள், மற்ற பள்ளிக்காரர்களுக்கும் பயன்படும்.