சங்கர் கையெழுத்துள்ள பழைய கார்ட்டூன் புத்தகம்: அசல்தானா, வெள்ளக் கறைக்கு என்ன செய்ய?

சிந்துபூந்துறை பேத்தி:
வணக்கம். எங்கள் தாத்தா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். கார்ட்டூன் புத்தகம் எங்கே கண்டாலும் வாங்கிவிடுவார். எல்லாவற்றையும் ஒரு தகர டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஆறு வீட்டுக்குள் வந்தபோது பெட்டியைத் தூக்க ஆளில்லை. ஆச்சியை மாடிக்கு ஏற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. அடியில் கிடந்தவை கூழாகிவிட்டன, மேலே இருந்த ஏழெட்டு பாதி நனைந்து பிழைத்தன.

அதில் ஒன்று 'டோன்ட் ஸ்பேர் மீ சங்கர்'. நேருவை வைத்து சங்கர் போட்ட கார்ட்டூன்களின் தொகுப்பு. முதல் தாளில் நீல நிறத்தில் 'சங்கர்' என்று ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு தேதி, கடைசியில் 91 என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. தேதிக்கு முன்னால் ஏதோ கிறுக்கல், அதன்மேல் சேறு அப்பியிருக்கிறது.

இது பேனாவில் போட்டதா, அச்சிலேயே வந்ததா? ஜங்ஷன் பக்கம் ஒருவரிடம் காட்டினேன். "லேமினேஷன் பண்ணித் தாரேன், மங்கின இடத்தை நானே பேனாவால் இழுத்துவிடுகிறேன்" என்றார். கொடுக்கலாமா? வாடை வேறு தாங்க முடியவில்லை. நடுவில் நாலு பக்கம் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கிறது.

பாளை பைண்டர்:
தங்கச்சி, முதலில் அந்த ஆளிடமிருந்து புத்தகத்தை வாங்கிவிட்டீர்களா? லேமினேஷன் போட்ட தாளை இந்த ஜென்மத்தில் பழையபடி ஆக்க முடியாது. சூட்டில் பசை தாளுக்குள் இறங்கிவிடும். கையெழுத்தின் மேல் இன்னொருவர் பேனா ஓட்டினால் அது அவர் கையெழுத்து, சங்கர் கையெழுத்து அல்ல. செல்லோ டேப்பும் கூடாது. நாலு வருஷத்தில் பழுப்புக் கோடாக நிற்கும்.

அம்பை ராமபாணம்:
அச்சா பேனாவா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வேண்டும். கையெழுத்தில் ஒரு கோட்டை இன்னொரு கோடு வெட்டுகிற இடத்தைப் பாருங்கள். பேனா என்றால் அந்தச் சந்திப்பில் மை இருமடங்காகி கொஞ்சம் கருத்திருக்கும். அச்சு என்றால் எல்லா இடமும் ஒரே அடர்த்தி, அல்லது பொடிப்பொடிப் புள்ளிகள். அப்புறம் தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். பால்பாயிண்ட் என்றால் தழும்பு மாதிரி தட்டுப்படும்.

இதைக் கேட்கிற எல்லோரும் தவறவிடுகிற ஒன்று: கார்ட்டூனிஸ்ட் தன் படத்தின் மூலையில் போடுகிற கையெழுத்தும் ஒரு படம்தான். வாசகருக்கு நின்றுகொண்டே போட்டுத்தரும் கையெழுத்து வேறு மாதிரி இருக்கலாம். உள்ளே இருக்கிற படங்களோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். போலி போடுகிறவனுக்கும் அந்தப் புத்தகம்தான் மாதிரி.

சிந்துபூந்துறை பேத்தி:
பார்த்தேன் அண்ணாச்சி. கோடு வெட்டும் இடம் கருப்பாகத்தான் இருக்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. தண்ணீர் ஏறின கோடு கையெழுத்தின் கடைசி எழுத்தை ஒட்டிப் போகிறது. கோட்டுக்கு மேலே எழுத்து கூர்மையாக இருக்கிறது, கோட்டுக்குக் கீழே இறங்கின வால் மட்டும் மயிலிறகு மாதிரி நீலமாகப் படர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே அச்சான தலைப்பு நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை.

அம்பை ராமபாணம்:
அப்புறமென்ன, தாமிரபரணியே சோதித்துக் கொடுத்துவிட்டதே! தண்ணீரில் கரைந்தது மைப்பேனா மைதான். அச்சு மை இப்படிப் படராது.

கடையநல்லூர் கறார்:
எல்லோரும் குஷியாக இருக்கிறீர்கள், ஒரு கணக்கு உதைக்கிறது. சங்கர் காலமானது 1989 டிசம்பர் 26. தேதியோ 91. எப்படிக் கையெழுத்துப் போட்டார்? அந்தத் தொகுப்பை 1983-ல் தில்லி சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ஆகவே அசல் கையெழுத்து என்றால் 83-க்கும் 89-க்கும் நடுவில்தான் விழுந்திருக்க வேண்டும். தலைப்புப் பக்கத்தின் பின்னால் எந்த வருஷத்துப் பதிப்பு என்று பாருங்கள். 89-க்குப் பிந்தைய மறுபதிப்பு என்றால் பேச்சே இல்லை, போலி.

சிந்துபூந்துறை பேத்தி:
பதிப்பு 1983 என்றுதான் இருக்கிறது. ஆனால் தேதி 91 என்பதில் சந்தேகமே இல்லை. தாத்தாவை யாரோ ஏமாற்றிவிட்டார்களா? மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

பாளை பைண்டர்:
அவசரப்படாதீர்கள். தேதியும் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழேதானே இருக்கிறது? அது படர்ந்திருக்கிறதா?

சிந்துபூந்துறை பேத்தி:
இல்லை! அது துளிகூடப் படரவில்லை. பின்னால் தடவினால் தழும்பும் தட்டுப்படுகிறது.

பாளை பைண்டர்:
அப்படியென்றால் தேதி பால்பாயிண்ட், கையெழுத்து மைப்பேனா. இரண்டு பேனா, ஒருவேளை இரண்டு கை. அந்தச் சேற்றை நன்றாகக் காய்ந்திருக்கும்போது மென்மையான பிரஷ்ஷால், கையெழுத்துப் பக்கம் போகாமல், வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி ஆகாது, எச்சில் தொடவே கூடாது. ஆரம்பிக்குமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிறுக்கல் என்னவென்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தாத்தாவின் மற்றப் புத்தகங்களில் தேதி எழுதுகிற பழக்கம் உண்டா என்றும் பாருங்கள்.

எட்டயபுரத்து வாசகன்:
இழைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு வார்த்தை. சங்கர் காயங்குளத்துக்காரர், மலைக்கு அந்தப் பக்கம். 1948-ல் தொடங்கிய 'சங்கர்ஸ் வீக்லி' 1975-ல் நின்றது. நம் பக்கமும் சும்மா இல்லை. எங்கள் ஊர் பாரதி 1906-லிருந்தே 'இந்தியா'வில் கருத்துப்படம் போடவைத்தவர். அந்தக் காலத்து இதழ் எங்காவது டிரங்குப் பெட்டியில் அகப்பட்டால் எனக்குச் சொல்லுங்கள், நடந்தே வருகிறேன்.

அம்பை ராமபாணம்:
வாடைக்கு: புத்தகத்தை மூடி போட்ட பெரிய டப்பாவில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா, புத்தகத்தில் படாமல். வாரம் ஒருமுறை சோடாவை மாற்றுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், நம்மூர் வெயில் நீல மையை ஒரு சித்திரையிலேயே வெளுக்கவைத்துவிடும். பாச்சை உருண்டை போட்டால் ஒரு வாடை போய் இன்னொரு வாடை வரும், அது போகவே போகாது. பூஞ்சை தூசாக இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நிழலில் தட்டுங்கள். ஆச்சி இருக்கிற அறையில் வேண்டாம்.

ஒட்டின நாலு பக்கத்தை விட்டுவிடுங்கள். வழவழப்புத் தாள் ஒட்டினால் பிரிக்கும்போது படம் தோலோடு உரிந்துவரும். விளிம்பில் பட்டர் பேப்பரை நுழைத்துப் பாருங்கள். தானாகப் போகிற மட்டும் போகட்டும். போகாவிட்டால் நாலு பக்கம் போனால் போகிறது.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். எனக்குத் தென்காசியில் ஒரு வீடு இருந்தது. ஆனி, ஆடிச் சாரலில் சுவர் வியர்த்து ஒரு வரிசைப் புத்தகமே பழுப்புப் புள்ளி பூத்துவிட்டது. அதைப் பற்றி இன்னொரு நாள் அழுகிறேன்.

சிந்துபூந்துறை பேத்தி:
சேறு உதிர்ந்துவிட்டது. கிறுக்கல் இல்லை, தமிழ் எழுத்து. 'தி.புரம், 11-5-91'. பிழைத்த மற்ற புத்தகங்களில் மூன்றில் இதே மாதிரி ஊரும் தேதியும் இருக்கின்றன. '9'-க்கு வால் போடாமல் கொக்கியாக விடுகிற அதே கை. தாத்தா வாங்கின தேதி!

கடையநல்லூர் கறார்:
சரி, என் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று. தேதிச் சிக்கல் தீர்ந்தது, அவ்வளவுதான். பேனாவில் போட்டது, 91-க்கு முந்தையது, பதிப்பும் 83 என்ற வரைக்கும் சொல்லலாம். போட்டது சங்கர்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமானால், ஆதாரமுள்ள வேறு கையெழுத்துப் பிரதிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். விற்கிற எண்ணம் இருந்தால் மட்டும் அந்த அலைச்சல்.

சிந்துபூந்துறை பேத்தி:
விற்பதாக இல்லை அண்ணாச்சி. லேமினேஷன்காரரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆச்சியிடம் 'தி.புரம்' என்று வாசித்துக் காட்டினேன். உடனே நினைவு வந்துவிட்டது. அத்தை கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கத் திருவனந்தபுரம் போனவர், ஒரு வெண்கல உருளி குறைவாகவும் ஒரு புத்தகம் கூடுதலாகவும் வந்தாராம். "கையெழுத்தாமில்ல, கையெழுத்து" என்று இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.