பொருள்: 'நீட் ஃபார் அச்சீவ்மென்ட்' – அடைவா, சாதிப்பா, ஆள்வினையா?

மடல் 1
அன்பர்களே, வணக்கம். வளர்ச்சிப் பொருளியல் பாடநூலில் பண்பாட்டு விழுமியங்கள் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உளவியலாளர் மெக்கிளெலாண்ட் 1961இல் வெளியிட்ட நூலில் பொருளாதார வளர்ச்சியோடு இணைத்துப் பேசிய 'நீட் ஃபார் அச்சீவ்மென்ட்' (சிறப்பாகச் செய்ய வேண்டும் என்ற உள்ளத்தேவை) என்ற சொல்லுக்குத் தமிழ் அமையாமல் வேலை நிற்கிறது. கல்வியியலில் வழங்கும் 'அடைவூக்க'த்தையே வைக்கலாமா? அதே பத்தியில் 'இன்சென்டிவ்' (செயலைத் தூண்ட வெளியிலிருந்து தரும் பயன்) வேறு வருகிறது. இரண்டுக்கும் ஊக்கம் என்றால் குழப்பம்.

மடல் 2
ஐயா, அடைவு வேண்டாம். ஈழத்து வாசகருக்கு அடைவு என்றால் அடகு. பொருளியல் நூலில் அது ஆகாது. 'சாதனை'யும் பொருந்தாது, அது முடிந்த வெற்றி. இங்கே பொருள், நேற்றுச் செய்ததைவிட இன்று செவ்வையாகச் செய்யும் துடிப்பு. வள்ளுவரின் 62ஆம் அதிகாரம் 'ஆள்வினையுடைமை' இருக்கிறதே, அதிலிருந்து ஆள்வினை! வினைத்தொகையாகக் கொண்டால் ஆண்ட, ஆள்கின்ற, ஆளும் வினை என முக்காலமும் அடங்கும். 'தாளாண்மை'யும் இதே குடும்பம். அங்கிருந்து வேளாண்மைக்குப் போனால்...

மடல் 3
அம்மா, வேளாண்மைக்குப் போக நேரமில்லை. ஆள்வினை என்பது முயற்சி. நமக்கு வேண்டியது முயற்சிக்கு முந்திய மனநிலை. தவிர, மெக்கிளெலாண்ட் சொன்ன உள்ளத்தேவைகள் மூன்று. மூன்றுக்கும் ஒரே ஈறு வேண்டும். சாதிப்பு நாட்டம், உறவு நாட்டம், அதிகார நாட்டம். 'வேட்கை' போட்டால் 'அதிகார வேட்கை' வசைச்சொல் ஆகிவிடும்.
நாட்டம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல நாடுகளின் 1925ஆம் ஆண்டையொட்டிய சிறுவர் பாடநூல் கதைகளில் மெக்கிளெலாண்ட் இந்த மனப்பாங்கை அளந்து, பொருளாதார வளர்ச்சிக்கு அளவாக எடுத்த 1929–1950 மின்சார உற்பத்தி வளர்ச்சியோடு ஒப்பிட்டார், தொடர்பு தெரிந்தது. 1950க்குப் பிந்தைய காலத்தில் பிறர் தேடியபோது அது கிடைக்கவில்லை. விளைவு உறுதியில்லாத இடத்தில் விளைவைச் சொல்லும் சொல் கூடாது.
இன்சென்டிவ் பிறவினை: ஊக்குவிப்பு. மோட்டிவேஷன் தன்வினை: ஊக்கம். 'ஊக்குவிப்பு மிகுந்தால் உள்ளூக்கம் குறையலாம்' என்ற வரி இப்போது தெளிவாக நிற்கும்.

மடல் 4
ஊக்குவிப்பு சரி. 'சாதிப்பு' வடசொல் வழி வந்தது. அதோடு, 'சொன்னதையே சாதிக்கிறான்' என்றால் பிடிவாதம். 'மேம்பாட்டு நாட்டம்' என்னலாமா?

மடல் 5 (மடல் 3 எழுதியவர்)
மேம்பாடு ஏற்கெனவே 'டெவலப்மென்ட்'டுக்குப் போய்விட்டது. இதே நூலில் நூறு இடத்தில் வரும்.

மடல் 6 (மடல் 1 எழுதியவர்)
'சாதிப்பு நாட்டம்' என்று அனுப்புகிறேன். கலைச்சொல் பட்டியலில் 'அடைவூக்கம் – காண்க: சாதிப்பு நாட்டம்' என்றும் இருக்கும், கல்வியியலிலிருந்து வரும் மாணவர் தேடுவார்.

மடல் 7 (மடல் 2 எழுதியவர்)
எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். சமூகவியலாளர் வெபர் கையாண்ட 'பெரூஃப்' என்ற ஜெர்மன் சொல் அடுத்த பக்கத்தில் வருகிறது: தொழில், இறைவனின் அழைப்பு இரண்டும் ஒரே சொல்லில். அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?