அழைப்பே வருவதில்லை: விண்ணப்பம் எங்கே அடைபடுகிறது?

கேள்வி: வரவுப்பக்கம்

அக்கவுன்ட்ஸ் பேயபிள் (சப்ளையர்களுக்குப் பணம் செலுத்தும்) பிரிவில் 6 வருட அனுபவம். எஸ்ஏபி கணக்கு மென்பொருள், எக்செல் இரண்டும் தினசரிப் பழக்கம். ஆட்குறைப்புக்குப் பிறகு சில மாதங்களாக வேலை தேடல். பெரும்பாலும் லிங்க்ட்இன்னில் ஒரே கிளிக்கில் போடும் விண்ணப்பங்கள்தான். பலவற்றுக்குப் பதிலே இல்லை. சிலவற்றில் போட்ட சில நிமிடத்திலேயே நிராகரிப்பு மெயில் வந்துவிடுகிறது. எப்போதாவது போன் வந்தால் முதல் சுற்று தாண்டுகிறது, அடுத்த சுற்றில் நின்றுவிடுகிறது.

நிமிடத்தில் வரும் நிராகரிப்பு இயந்திரம் செய்வதா? ஒவ்வொரு வேலைக்கும் ரெஸ்யூமேயை மாற்றி எழுதத்தான் வேண்டுமா? இடைவெளியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சல்லடை

முதல்ல எங்கே அடைபடுதுன்னு பாருங்க. ஒரு தாளில் நாலு எண் எழுதுங்க: அனுப்பின விண்ணப்பம், வந்த போன், முதல் சுற்று, கடைசிச் சுற்று. தகுதி நல்லாப் பொருந்துற வேலைக்கு 40, 50 அனுப்பியும் ஒரு போன் இல்லைன்னா கோளாறு ரெஸ்யூமேயில் இருக்கு, இல்லைன்னா போடுற இடத்திலும் நேரத்திலும் இருக்கு. போன் வந்து அதோட நின்னா சம்பள எதிர்பார்ப்பையும் முதல் ஐந்து நிமிடப் பேச்சையும் பாருங்க. கடைசிச் சுற்று வரை போய் நின்னா ரெஸ்யூமேயைத் தொடவே வேண்டாம், அது தன் வேலையைச் செஞ்சுடுச்சு. நிறைய பேர் நேர்காணலில் தோத்துட்டு வந்து ரெஸ்யூமே டிசைனை மாத்திக்கிட்டு இருக்காங்க. நேரம் வீணாகிறது அங்கேதான்.

உங்களுக்கு ரெண்டு இடத்தில் அடைப்பு. நான் முதலாவதைச் சொல்றேன்.

உங்க பிடிஎஃப்பைத் திறந்து எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து, காப்பி பண்ணி, நோட்பேடில் ஒட்டுங்க. அங்கே என்ன தெரியுதோ, ஏறக்குறைய அதைத்தான் ஏ.டி.எஸ்னு சொல்ற, விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கிற மென்பொருளும் படிக்குது. ரெண்டு பத்தி வைத்த டிசைன்னா இடது பக்க வரியும் வலது பக்க வரியும் கலந்து வந்திருக்கும்: "எஸ்ஏபி" பக்கத்தில் பழைய கம்பெனி பேர், அதுக்குக் கீழே பாதி தேதி. டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டாலும் இந்தத் தொல்லை உண்டு. போன் நம்பரையும் மெயிலையும் பக்கத்தின் ஹெடரில் வைக்காதீங்க. சில மென்பொருள் ஹெடர், ஃபுட்டரைப் படிக்காமலே விட்டுடும், கூப்பிட நம்பர் இருக்காது.

இன்னொண்ணு கண்ணுக்கே படாது. சில ஃபாண்ட்ல எஃப், ஐ ரெண்டு ஆங்கில எழுத்தும் ஒட்டி ஒரே வடிவமா அச்சாகும். திரையில் அழகா இருக்கும். காப்பி பண்ணினா அந்த இடத்தில் வெற்றிடமோ கட்டமோ வரலாம். அப்படி வந்தா "ஃபைனான்ஸ்", "சர்டிஃபைடு", "வெரிஃபிகேஷன்" மூணும் உடைஞ்சு போகும். எச்ஆர் "ஃபைனான்ஸ்"னு தேடினா உங்க பேர் வராது. உங்க துறைக்கு இது பெரிய அடி. ஃபாண்டை ஏரியல் மாதிரி சாதாரணமா வைத்து, மறுபடி ஒட்டிப் பாருங்க.

தேதி எல்லாம் ஒரே மாதிரி, மாதமும் வருடமும் சேர்த்து. வெறும் வருடம் போட்டா அனுபவக் கணக்கு ஒரு வருடம் வரை கூடவோ குறையவோ கணிக்கப்படலாம்.

வரி எழுதும்போது என்ன செய்தீங்க, எவ்வளவு, என்ன மாறினது, இந்த மூணும் இருக்கணும். "இன்வாய்ஸ் பிராசஸிங் பொறுப்பு" என்பதில் ஒண்ணும் இல்லை. "மாதம் 1,200 இன்வாய்ஸ், 90 வென்டார், மாதக் கணக்கு முடிப்பு 6 நாளிலிருந்து 4 நாள்" என்றால் படிக்கிறவருக்கு வேலையின் அளவு தெரியும். எண் உங்களுடையதா இருக்கணும், நேர்காணலில் அதைத்தான் முதல்ல தோண்டுவாங்க.

வெள்ளை எழுத்தில் கீவேர்டை ஒளிச்சு வைக்கிற யோசனை எங்கேயாவது படிச்சிருந்தா மறந்துடுங்க. மென்பொருள் பிரித்தெடுத்த உரையில் அது கறுப்பாத்தான் தெரியும்.

---

மேசைக்கு அந்தப் பக்கம்

ஆள் எடுக்கும் வேலை செய்கிற பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

சில நிமிடத்தில் வரும் நிராகரிப்பு, உங்கள் ரெஸ்யூமேயைப் படித்து எடுத்த முடிவாக இருப்பது குறைவு. விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் வரும் கேள்விகளைக் கவனியுங்கள்: எத்தனை வருட அனுபவம், எப்போது சேர முடியும், இங்கே வேலை செய்ய அனுமதி உண்டா, எதிர்பார்க்கும் சம்பளம். இவற்றில் "இந்த விடை என்றால் நீக்கு" என்று முன்கூட்டியே அமைத்திருப்பார்கள். ஒரே கிளிக் விண்ணப்பத்தில் பழைய விடைகள் தானாக நிரம்பி நிற்கும். எஸ்ஏபி அனுபவம் என்ற கட்டத்தில் என்றோ போட்ட 0 இன்னும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சம்பளக் கட்டத்தில் வரம்பாக எழுத இடம் இருந்தால் வரம்பாகவே எழுதுங்கள்.

பதிலே வராதவற்றுக்குக் காரணம் வேறு. ஏ.டி.எஸ் பெரும்பாலும் ஒரு கோப்பு அலமாரிதான்: சேர்த்து வைக்கும், வரிசைப்படுத்தும், தேட விடும். திறந்து பார்ப்பது மனிதர். பேசிப் பார்க்கப் போதுமான பத்துப் பதினைந்து பேர் கிடைத்ததும் அவர் அடுத்ததைத் திறப்பதில்லை. விளம்பரம் மட்டும் தொடர்ந்து நிற்கும். ஆகவே விளம்பரம் வந்து எத்தனையாவது நாளில் போடுகிறீர்கள் என்பது முக்கியம். லிங்க்ட்இன் தேடலில் "கடந்த 24 மணிநேரம்" என்று வடிகட்டுங்கள். அப்போது மேலே முகவரிப் பட்டையில் 86400 என்ற எண் தோன்றும், 24 மணிநேரத்தின் விநாடிகள். அதை 3600 ஆக மாற்றி என்டர் தட்டினால் கடந்த ஒரு மணிநேரத்தில் வந்தவை மட்டும் நிற்கும். பிடித்த வேலை தென்பட்டால் அந்த நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போய் அங்கே போடுங்கள். அங்கே அந்த வேலை இல்லவே இல்லையென்றால், விளம்பரம் பழையதாகவோ இடைத்தரகர் போட்டதாகவோ இருக்கலாம்.

தெரிந்தவர் மூலம் பரிந்துரை வாங்க நினைத்தால் விண்ணப்பிக்கும் முன்பே வாங்குங்கள். உங்கள் பெயர் ஏற்கனவே கணினியில் ஏறிவிட்டால் பல நிறுவனங்களில் பரிந்துரை செல்லாது, பரிந்துரைப்பவருக்கும் அதற்கான தொகை கிடைக்காது, ஆர்வம் போய்விடும்.

யாரிடம் கேட்பது என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். நெருங்கிய நண்பர்களைவிட லேசாகப் பழகியவர்கள் வழியாக வேலை அதிகம் வருகிறது என்று 1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் எழுதினார். 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு லிங்க்ட்இன்னின் சுமார் 2 கோடிப் பயனர்களை வைத்து அதைச் சோதித்தது. மிக நெருக்கமும் இல்லாமல் முற்றிலும் அந்நியமும் இல்லாமல் நடுவில் இருப்பவர்களே அதிகம் உதவினார்கள். காரணம் எளிது: நெருங்கியவருக்குத் தெரிந்த வேலை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர், நீங்கள் இன்வாய்ஸ் பிரச்சினை தீர்த்துக்கொடுத்த வென்டார் பக்கத்து ஆள், கூடப் படித்து அதிகம் பேசாதவர், இவர்களிடம் கேளுங்கள்.

கேட்கும் முறை: "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வேலையின் எண், விளம்பரத்தின் இணைப்பு, உங்களைப் பற்றி அவர் அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய மூன்று வரி, ரெஸ்யூமே, நான்கையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை என்று ஒரு வரி கடைசியில். பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

ரெஸ்யூமேயை ஒவ்வொன்றுக்கும் முழுசாக மாற்ற வேண்டாம். நாள் முழுக்க ஒரே விண்ணப்பத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

---

சல்லடை

இதில் மட்டும் கொஞ்சம் மாறுபடுறேன். முழுசா வேண்டாம், சரி. ஆனா பதவிப் பேர், மேலே இருக்கிற மூணு வரி அறிமுகம், திறன் பட்டியலின் வரிசை, இந்த மூணையும் விளம்பரத்தின் சொல்லிலேயே மாத்தணும். அவங்க "வென்டார் ரீகன்சிலியேஷன்"னு எழுதியிருக்க, நீங்க "சப்ளையர் கணக்கு சரிபார்ப்பு"ன்னு போட்டா ரெண்டும் ஒண்ணுன்னு தேடுற மென்பொருளுக்குத் தெரியணும்னு இல்லை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

---

மேசைக்கு அந்தப் பக்கம்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்யாத வேலையின் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

---

வரவுப்பக்கம்

மிக்க நன்றி. நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன், இரண்டு பத்தியும் கலந்துதான் வருகிறது. இரண்டாம் சுற்று பற்றியும் இடைவெளி பற்றியும் யாராவது சொல்லுங்களேன். அங்கே பெரும்பாலும் மேனேஜரும் ஒரு சீனியரும் இருப்பார்கள், "ஒரு பிரச்சினையைத் தீர்த்த அனுபவம் சொல்லுங்கள்" என்பார்கள், எக்செல் டெஸ்டும் உண்டு.

---

மூன்றாம் சுற்று

முதல் சுற்றில் எச்ஆர் உங்கள் பேச்சையும் சம்பளத்தையும் பார்ப்பார். இரண்டாவதில் இருப்பவர் உங்களோடு தினமும் வேலை பார்க்கப் போகிறவர். "நன்றாக ஒருங்கிணைத்தேன்" என்ற மாதிரிப் பொதுப்பேச்சு அவரிடம் எடுபடாது. என்ன நடந்தது, உங்கள் பொறுப்பு எது, நீங்கள் என்ன செய்தீர்கள், விளைவு என்ன என்ற வரிசையில் இரண்டு நிமிடம் பேசுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் பாதிக்கு மேல் நீங்கள் செய்ததற்குப் போகட்டும். பலர் சூழ்நிலையை விளக்கியே நேரத்தை முடித்துவிடுகிறார்கள்.

உங்கள் துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு. ஒரே இன்வாய்ஸுக்கு இருமுறை பணம் போகிறது. கணினியில் இரட்டைப் பதிவுத் தடுப்பு இருந்தும் ஏன்? ஒருவர் இன்வாய்ஸ் எண்ணை 00457 என்று பதிந்தார், இன்னொருவர் 457 என்று பதிந்தார், கணினிக்கு இரண்டும் வேறு. இல்லையென்றால் ஒரே வென்டாருக்கு இரண்டு வென்டார் எண் இருந்தது. தொகை, தேதி, வென்டார் மூன்றையும் வைத்து ஒப்பிட்டுக் கண்டுபிடித்தீர்கள், பணத்தைத் திரும்பப் பெற்றீர்கள், எண் பதியும் முறையை ஒரே மாதிரியாக்கினீர்கள். இந்த அளவு நுணுக்கத்தில் பேசுகிறவர் வேலை தெரிந்தவர் என்று மேனேஜருக்கு உடனே புரியும். ஆர்டர், சரக்கு வரவு, இன்வாய்ஸ் மூன்றும் பொருந்தாதபோது எதை முதலில் பார்ப்பீர்கள் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. உங்கள் அனுபவத்திலிருந்து இப்படி ஐந்தாறு நிகழ்வுகளை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது, வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எங்கே இழுக்கிறது என்று தெரியும்.

எக்செல் டெஸ்டில் வழுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். விலுக்கப்பில் (ஒரு பட்டியலில் தேடி விடை எடுக்கும் சூத்திரம்) நான்காவது பகுதியை விட்டுவிட்டால் அது தோராயப் பொருத்தம் தேடும், தவறான விடை பிழைச் செய்தியே இல்லாமல் வரும். எப்போதும் அங்கே 0 போடுங்கள். எண் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால் ஒரு பக்கம் எண், மறுபக்கம் எழுத்தாகச் சேமித்த எண். அல்லது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது, அதை நீக்க டிரிம் சூத்திரம். தரவைத் தொகுத்துக் காட்டும் பைவட் டேபிளில் மூலத் தரவை மாற்றிய பின் ரிஃப்ரெஷ் செய்ய மறக்காதீர்கள்.

நேர்காணல் முடிவில் "இந்தப் பதவிக்கு வருபவர் முதல் மூன்று மாதத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். விடையில் அவர்களுடைய உண்மையான தலைவலி வெளிவரும். நன்றி மெயிலில் அதைத் தொட்டு இரண்டு வரி எழுதலாம்.

இடைவெளிக்கு ஒரே ஒரு வாக்கியம்: "ஆட்குறைப்பில் எங்கள் பிரிவு மூடப்பட்டது, அதன்பின் இந்தச் சான்றிதழ் முடித்தேன், இப்போது இந்த மாதிரி வேலை தேடுகிறேன்." எது உண்மையோ அது மட்டும். சொல்லிவிட்டு நிறுத்துங்கள், மன்னிப்புத் தொனி வேண்டாம், பழைய நிறுவனத்தைக் குறை சொல்லவும் வேண்டாம். 2013-இல் வெளியான க்ரோஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ ஆய்வு அமெரிக்காவில் சுமார் 12,000 மாதிரி ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்தது. இடைவெளி நீள நீள அழைப்பு குறைந்தது உண்மை, அதுவும் முதல் 8 மாதத்தில் அதிகம். ஆனால் வேலைச் சந்தை மந்தமாக இருந்த இடங்களில் இடைவெளியின் பாதிப்பு குறைவாகவே இருந்தது. எல்லாரும் திணறும் காலத்தில் ஒருவர் வேலையில்லாமல் இருந்தால் அதை அவருடைய குறையாக யாரும் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. தைரியமாகச் சொல்லுங்கள். அதேநேரம் தற்காலிக, ஒப்பந்த வேலை வந்தால் இடைவெளியை அடைப்பதற்காகவாவது யோசியுங்கள்.

---

காவல்

இவ்வளவு காலம் தேடுகிறவர்களைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைப்பார்கள், அதனால் இதையும் சேர்க்கிறேன். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். நேர்காணல் முழுக்க சாட்டிலேயே நடந்து அன்றே ஆஃபர் வந்தால் நம்பாதீர்கள். மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்துக்கு எழுத்து படியுங்கள், ஓர் எழுத்து கூடியோ மாறியோ இருக்கும். சந்தேகம் என்றால் அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு அழைக்காமல், நிறுவனத்தின் தளத்தில் உள்ள நம்பருக்கு அழைத்துக் கேளுங்கள். வங்கிக் கணக்கு எண்ணும் அடையாள அட்டை நகலும் ஆஃபரை இப்படி உறுதிசெய்த பிறகு மட்டும். ஓ.டி.பி எந்த வேலைக்கும் தேவையில்லை.

உங்கள் துறைக்கே உரிய வலை ஒன்று உண்டு. "வீட்டிலிருந்து பேமென்ட் பிராசஸிங்" என்று சொல்லி, உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பி, கமிஷன் போக மீதியை வேறு கணக்குகளுக்கு அனுப்பச் சொல்வார்கள். அது திருட்டுப் பணம். வழக்கு உங்கள் பெயரில் வரும், கணக்கும் முடங்கும். உண்மையான அக்கவுன்ட்ஸ் பேயபிள் வேலையில் கம்பெனிப் பணம் ஊழியரின் சொந்தக் கணக்கு வழியாகப் போகாது என்பது உங்களுக்கே தெரியும். கஷ்ட காலத்தில் இது கண்ணில் படாமல் போகலாம், அதனால்தான் எழுதுகிறேன்.