கச்சாயத்துக்கு (அதிரசம்) நல்ல வெல்லம் எங்கெங்க கிடைக்கும்?
கோயமுத்தூர்ல இருக்கறவங்க சொல்லுங்க. தீபாவளிக் கச்சாயத்துக்கு மருந்து போடாத உருண்டை வெல்லம் அஞ்சு கிலோ வேணும். ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலையில நேரா வாங்கறவங்க இருந்தா ரொம்ப நல்லது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச் சர்க்கரை அங்கிருந்துதானே போகுது!

பளபளன்னு மஞ்சளா இருக்கறது வேண்டாங்க, பெரும்பாலும் ஹைட்ரோஸ்ங்கற ரசாயனம் போட்டு வெளுத்தது. அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) கலந்த வெல்லமா இருந்தா பாகு சீக்கிரம் இறுகி, கச்சாயம் கல்லாட்டம் ஆயிரும். கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம்னு போடறோம். பாகைத் தண்ணியில விட்டா மெத்துனு உருட்ட வரணும். அதுக்கு முன்னாடி இறக்கினா மாவு எண்ணெயில பிரிஞ்சுரும்.

கருப்பா, கொஞ்சம் பிசுபிசுப்பா இருக்கற வெல்லம் எந்தக் கடையில வருது, என்ன விலைங்க? மழைக்காலத்துல கசியாம எதுல போட்டு வெக்கறீங்க?