மூன்று தரம் போமட் அடித்தும் ஓடாத கேம்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ

உப்புவெளி மாமா:

அக்காவின் மகனுக்கு உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஒரு டெஸ்க்டொப் வாங்கிக் கொடுத்தோம். ஆள் முதல் வேலையாக ஒரு கேமை ஏற்றினான். ஐகனைத் தட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று வரும், ஒரு செக்கன் நிற்கும், போய்விடும். பிழைச்செய்தி ஒன்றும் இல்லை.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனான். "விண்டோஸ் பழுது தம்பி, போமட் அடிக்கோணும்." எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து பெயரைப் போட்டு, கேமை ஏற்றினால் அதே கறுப்பு ஜன்னல். திரும்பக் கடை, திரும்ப போமட். மூன்றாவது போமட்டும் சரிவராமல், "கிராபிக்ஸ் காட்டை மாத்திப் பாப்பம்" என்ற கதை வந்த பிறகுதான் அக்கா எனக்குக் கோல் எடுத்தா. "உந்தச் சாமானை ஒருக்கா வந்து பாரடா. போமட் அடிச்ச காசில அரைவாசிக் காட் வாங்கியிருக்கலாம்."

நான் டெக்னீஷியன் இல்லை, கணக்கு எழுதுகிறவன். எந்த வரியில் பிழைத்தது என்று பார்க்காமல் கொப்பியைக் கிழிக்க எனக்கு மனம் வராது. போமட் அடிப்பது கொப்பியைக் கிழிக்கிற வேலைதான்.

முதலில் விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். கேம் செத்த நேரத்துக்கு நேரே சிவப்பாக ஒரு வரி, இலக்கம் 1000. அதில் எந்த மொடியூல், அதாவது மென்பொருளின் எந்தத் துண்டு விழுந்தது என்று எழுதியிருக்கும். கிராபிக்ஸ் காட்டை இயக்குகிற மென்பொருளான டிரைவரின் பெயர் இருந்தால் அந்தப் பக்கம் தேடலாம். இவனுக்கு கேமின் பெயரே இருந்தது. காட்டின் மேல் பழி போட அவசரப்படத் தேவையில்லை என்ற அளவுக்கு அது உதவியது, அதற்கு மேல் இல்லை.

கேம் ஃபோல்டருக்குள், கேம் தான் செய்ததை எழுதிவைக்கிற லொக் ஃபைல் ஒன்று கிடந்தது. நோட்பேடில் திறந்தேன். கடைசி வரியில் ஒரு பாதை: சி டிரைவ், யூசர்ஸ், அதற்குப் பிறகு ஐந்து கேள்விக்குறிகள், பிறகு டொக்கியுமென்ட்ஸ்.

"யூசர் பேர் என்ன போட்டனீ?"

"என்ர பேர்தான் மாமா. தமிழில."

அவன் பெயரில் எழுத்து மூன்றுதான். ஆனால் கொம்பும் புள்ளியும் கணினிக்குத் தனித்தனி எண்ணிக்கை, அதனால் ஐந்து. ஒவ்வொரு போமட்டுக்குப் பிறகும் பெயரை ஆசையாகத் தமிழில் தட்டித் தட்டி, வருத்தத்தை அவனே திரும்ப நட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

காரணம் இதுதான். எல்லா மொழி எழுத்துக்கும் ஒரே பட்டியலில் எண் கொடுக்கிற யூனிகோடுக்கு முந்திய வழியில், விண்டோஸ் பல மொழிகளுக்குத் தனித்தனியாக கோட் பேஜ் என்ற எழுத்துப் பட்டியல் வைத்திருந்தது: ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253, அரபுக்கு 1256. சிஸ்டம் முழுக்கப் போடக்கூடிய அப்படியொன்று தமிழுக்கு இல்லை. விண்டோஸில் தமிழ் வந்ததே யூனிகோடு வழியாகத்தான். பழைய வழியில் எழுதின கேம் "சேவ் ஃபோல்டர் எங்கே" என்று கேட்கும்போது தமிழெழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிப் போகிறது. கேள்விக்குறியோ ஃபைல் பெயரில் வரவே கூடாத குறி. ஃபோல்டர் கிடைக்காமல் கேம் சத்தமில்லாமல் விழுகிறது. யூனிகோடு முறையில் எழுதின கேமுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவனுடைய இன்னொரு கேம் ஒழுங்காக ஓடினதும், அதனால் எல்லோரும் குழம்பினதும் இதனால்தான்.

கண்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றிப் பார்த்தோம். திரையில் பெயர் மாறியது, ஃபோல்டர் அசையவில்லை. கணக்கை முதன்முதலில் உருவாக்கும்போது வைத்த பெயர்தான் ஃபோல்டருக்கு நிற்கும். அதனால் ஆங்கில எழுத்தில் புதுக் கணக்கொன்று திறந்து, உள்ளே போய், அதற்குப் பிறகு காட்சிப் பெயரை மட்டும் தமிழாக்கினோம். கேம் அன்று பின்னேரமே ஓடியது. ரீஜன் செட்டிங்ஸில் யூடிஎஃப்-8 (யூனிகோடின் ஒரு வடிவம்) என்று ஒரு பீட்டா டிக் இருக்கிறது, அதைப் போட்டாலும் சில கேம்களுக்குச் சரிவரும். வேறு சில பழைய மென்பொருள்கள் அதனால் குழம்பும் என்பதால் நான் தொடவில்லை.

அக்காவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. "சம்பந்தர் பதிகத்தில பாடின திருகோணமலையில தமிழில பேர் எழுதேலாதோ?"

திருக்கடலூர்:

மாமாவின்ர கதை மென்பொருள். என்ர கதை உப்பு.

எங்கட வீட்டு வாசலில நிண்டால் கடல் தெரியும். 2020 டிசம்பர் 2ஆந் திகதி புரெவிப் புயல் வந்த இரவு ஜன்னல் இடுக்கால தண்ணி உள்ளுக்கே வந்தது. அதுக்கும் இதுக்கும் தொடர்பிருக்கோ தெரியாது, வருசம் பூரா வாற கடற்காத்தே போதும்.

கேம் தொடங்கும், இருவது நிமிசம் நல்லா ஓடும், படாரெண்டு டெஸ்க்டொப்புக்கு வந்து நிக்கும். டிரைவர் மாத்தினன். சேஃப் மோடுக்குப் போய் பழசை முழுசாத் துடைக்கிற டிடியு போட்டும் பாத்தன். ஒண்டுமில்லை. கேம் வாங்கி இறக்குற ஸ்டீமில கேம் ஃபைலுகளைச் சரிபார்க்கச் சொன்னால் நாலு ஃபைல் பழுது எண்டு இறக்கும். திரும்பச் சரிபார்த்தால் ஏழு. பிறகு ரெண்டு, அதுவும் வேற ஃபைல். இந்த இடத்தை நல்லாக் கவனியுங்கோ. பழுதான ஃபைல் எண்டால் ஒருக்கா இறக்கினாப் போதும். ஒவ்வொருக்கா ஒவ்வொண்டு பழுதெண்டால் ஃபைலில பிழையில்லை, அதை வாசிக்கிறதில பிழை. டிஸ்க்காயும் இருக்கலாம், ரெம் எண்ட நினைவகமாயும் இருக்கலாம்.

ரெமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில போட்டு இரவு ஓட விட்டன். விடியப் பாத்தால் திரை சிவப்பு. கேசைத் திறந்து ரெமைக் கழட்டினால், தங்க நிறத்தில பல்லுமாதிரி இருக்கிற இடத்தில பச்சையும் வெள்ளையுமாப் பூத்திருக்கு, எங்கட கேற்றுக் கொளுக்கியில இருக்கிறமாதிரியே. கரண்டைக் கழட்டி, பவர் பட்டனை ஒருக்கா அமத்திப் பிடிச்சு, தங்கச்சியின்ர அழிறப்பரால மெல்லமாத் தேய்ச்சுத் துடைச்சுப் போட்டன். றப்பர் தூள் ஸ்லொட்டுக்குள்ள விழாமல் பாருங்கோ. திரும்ப டெஸ்ட், ஒரு பிழையுமில்லை.

ஆறேழு மாசத்துக்கு ஒருக்கா இப்ப இது எனக்கு வழக்கம். கடற்கரையில இருந்துகொண்டு கேசை ஜன்னலுக்குக் கீழ வைக்காதேங்கோ. நான் அங்கதான் வைச்சிருந்தன், காத்து வருமெண்டு.

கிண்ணியா:

எனக்கு வந்தது டிஎல்எல், அதாவது கேமுக்குத் தேவையான ஒரு துணை ஃபைல், காணல்ல எண்டு ஒரு செய்தி. விசிரன்டைம்140. நான் செஞ்ச மடத்தனம், அந்த ஒரு ஃபைல மட்டும் எங்கயோ ஒரு சைட்ல இறக்கி சிஸ்டம்32க்குள்ள போட்டன். செய்தி மாறி, 7பி எண்டு முடியிற ஒரு கோட் வந்திச்சி. 32 பிட் ஃபைலும் 64 பிட் ஃபைலும் ஒண்டோட ஒண்டு கலந்தா வாற கோட் அது. 64 பிட் விண்டோஸ்ல சிஸ்டம்32க்குள்ள இருக்கிறது 64 பிட் ஃபைல், சிஸ்வாவ்64க்குள்ள இருக்கிறது 32 பிட். பேரப் பாத்தா நேர் எதிரா இருக்கு, யாருக்கு விளங்கும்?

தனி ஃபைல் இறக்காதீங்க. அந்த ஃபைல் வாற விஷுவல் சி பிளஸ் பிளஸ் பெக்கேஜ எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) ரெண்டையும் போடுங்க. கேம் 64 பிட் எண்டாலும் ரெண்டும் போடுங்க. பழைய கேம் டி3டிஎக்ஸ்9 எண்டு தொடங்குற ஃபைல் கேட்டா, 2010 ஜூன்ல வந்த டைரக்ட்எக்ஸ் ரன்டைமப் போடணும். புது விண்டோஸ்ல டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் அந்தப் பழைய துண்டுகள் அதோட வாறல்ல. வாப்பாட லெப்டொப்ல வைரஸ் ஏத்தினதுக்கு வாங்கின ஏச்சு வேற கதை.

பாலையூற்று:

கேம் செத்து டெஸ்க்டொப் வாறது வேறு, மெஷினே ஒருமிக்க நின்று திரும்பத் தொடங்குறது வேறு. எனக்கு இரண்டாவது. ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 என்று வரும். அதைப் பார்த்துவிட்டு "காரணம் கிடைத்தது" என்று துள்ளாதீர்கள். ஒழுங்காக மூடாமல் மெஷின் நின்றது என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லாது.

பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகுதான் நடந்தது. பகலில் ஓடும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 230க்குக் கிட்ட இருக்க வேண்டிய வோல்டேஜ் அந்த நேரத்தில் இறங்கி ஏறி ஆடுது. இறங்கின உடனே யூபிஎஸ் பட்டரிக்கு மாறும். பட்டரியோ 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில் உழைத்துக் களைத்தது. காட் முழுவேகத்தில் இழுக்கும்போது அதால் தாங்கேலாது. பட்டரி மாற்றினேன், கேமை செக்கனுக்கு 60 ஃபிரேமுக்கு (படத்துக்கு) மேல் போகாமல் கட்டினேன். நின்றது.

கச்சான் காத்து வீசுற மாதங்களில் தகரக் கூரை வீட்டுக்காரர் 60க்குக் கட்டினால் சூட்டுக்கும் நல்லது.

லிங்கநகர்:

உப்புவெளி மாமா, இப்பதான் பார்த்தேன். என்னுடையதும் தமிழ் ஃபோல்டர். ஒரு கேம் ஓடும், ஆனால் சேவ் ஆகாது, ஒவ்வொரு நாளும் முதலில் இருந்து விளையாடுகிறேன். இரண்டு மாதமாக அது அப்படிப்பட்ட கேம் என்றே நினைத்திருந்தேன். புதுக் கணக்குத் திறந்தால், ஒழுங்காக ஓடுகிற மற்றக் கேமின் சேவ் எல்லாம் போய்விடுமா?

உப்புவெளி மாமா:

போகாது. பழைய கணக்கை மட்டும் அழிக்காதேங்கோ. புதுக் கணக்கால் உள்ளே போய், யூசர்ஸுக்குள் இருக்கும் பழைய ஃபோல்டரைத் திறக்கலாம், அனுமதி கேட்டால் கொடுங்கோ. டொக்கியுமென்ட்ஸ், சேவ்ட் கேம்ஸ், ஆப்டேட்டா மூன்றிலும் தேடுங்கோ. ஆப்டேட்டா ஒளிந்திருக்கும், வியூவில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக்கைப் போட்டால் தெரியும். கேம் பெயரில் இருக்கிற ஃபோல்டரை மட்டும் புதுக் கணக்கில் அதே இடத்துக்குக் கொப்பி பண்ணுங்கோ, ஆப்டேட்டாவை முழுதாகத் தூக்கிப் போடாதேங்கோ.

லிங்கநகர்:

எடுத்துவிட்டேன். ஆப்டேட்டாவுக்குள்தான் கிடந்தது.